கொல்லிமலைச் சேறும் மரத்துப்போன விரலும்

பென்னாகரம் வட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23 அன்று சுப்பிரமணிய சிவா இறந்தார். விடுதலைப் போராட்டத்தில் 1908-இல் சிறைக்குப் போனவர். 1912-இல் வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய் இருந்தது. தொழுநோயாளிகள் ரயிலில் ஏறக் கூடாது என்று ஆங்கில அரசு தடுத்தது. அவர் ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப விரும்பினார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கட்டடத்தைப் பார்க்கச் சிவாவுக்கு ஆயுள் போதவில்லை.

அந்த நடையைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் தியாகத்தைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். ஒரு மருத்துவர் அங்கே வேறொரு கேள்வி கேட்பார். தொழுநோய் முற்றியவர்களின் பாதத்தில் உணர்ச்சி இருக்காது. முள் குத்தினாலும், கல் கிழித்தாலும், கொப்புளம் உடைந்தாலும் அந்தப் பாதம் “நில்” என்று சொல்லாது. அப்படியானால் விரல்களைத் தின்பது நோயா, நோயாளி அறியாமலே நடந்துகொண்டிருக்கும் நடையா?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்ட ஒருவர், சேலத்தைத் தாண்டித் தெற்கே உள்ள கொல்லிமலையில் 1914 ஜூலை 17 அன்று பிறந்தார். பெயர் பால் பிராண்ட். சிவா இறந்த நாளில் அவருக்குப் பதினோரு வயது. படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டிருந்தார். அன்றாட வாழ்க்கையில் கிறிஸ்தவ ஞானப் பாடங்கள் என்ற பொருளில் பென்னாகரத்தில் ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு நடக்கிறது என்றால், அதற்குப் பொருத்தமான ஆள் அவர்தான். கிறிஸ்தவக் குடும்பங்கள் குறைவான ஊர் இது. அவையில் இருப்பவர்களில் பலர் பைபிளைத் திறந்தே பார்த்திராதவர்களாக இருக்கலாம். பிராண்டின் பாடங்களுக்கு அது தடையில்லை. அவை வயலிலும் ஆஸ்பத்திரியிலும் தொடங்குகின்றன.

முதலில் ஒரு குறையைச் சொல்லிவிட வேண்டும். அன்றாடப் பொருளை வைத்து ஆன்மிகம் பேசுவது இன்று மிக மலிவாகிவிட்டது. செல்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதுபோல் ஆத்துமாவுக்கு ஜெபம். வண்டிக்கு ஸ்பேர் டயர்போல் ஆபத்தில் ஆண்டவர். ஒகேனக்கல் பரிசல்தான் திருச்சபை, துடுப்புப் போடுகிறவர் இயேசு. இப்படிப் பேசுகிற பிரசங்கியார் பரிசலை ஒருநாளும் வலித்திருக்க மாட்டார். மூங்கிலை எப்படி வளைத்துப் பின்னுகிறார்கள், தோல் போர்த்திய காலம் போய்ப் பிளாஸ்டிக் தாளும் தாரும் எப்போது வந்தன, பாறைச் சந்துக்குள் நீர் இழுக்கும் இடத்தில் ஓட்டி என்ன செய்கிறார் என்று எதுவும் தெரியாது. அவருக்குச் சொல்ல வேண்டிய சேதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதை மாட்ட ஓர் ஆணி வேண்டும், அவ்வளவுதான்.

சுவிசேஷங்களில் வரும் உவமைகள் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. விதைக்கிறவனின் கதையில் விதை வழியோரத்தில் விழுகிறது, பாறைமேல் விழுகிறது, முள்ளுக்குள் விழுகிறது. பாறைமேல் மேல்மண் குறைவாக இருந்தால் பயிர் சீக்கிரமாகவே தலைகாட்டும், வெயில் ஏறியதும் கருகிவிடும் என்பதைச் சொன்னவர் நிலத்தைப் பார்த்தவர். தருமபுரி மானாவாரிக் காட்டில் கேழ்வரகு விதைக்கிற எவருக்கும் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொன்ன எஜமானிடம், “இந்த ஒரு வருஷம் இருக்கட்டும், சுற்றிக் கொத்தி எருப் போட்டுப் பார்க்கிறேன்” என்ற பொருளில் தோட்டக்காரன் கெஞ்சுவதும் அப்படித்தான். ஒரு வேடிக்கை: தச்சர் வீட்டுப் பிள்ளை தச்சுத் தொழிலை வைத்துச் சொன்னது மிகக் குறைவு. கண்ணில் விழுந்த துரும்பும் உத்திரமும் சட்டென்று நினைவுக்கு வரும். மற்றபடி வயல், வலை, மாவு, மந்தை எல்லாம் கேட்க வந்தவர்களின் தொழில்கள்.

தமிழிலும் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. 1774-இல் பிறந்து 1864-இல் மறைந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், ஏற்றம் இறைக்கிறவர்களின் பாட்டு வடிவத்தை எடுத்து ஞான ஏற்றப்பாட்டு எழுதினார். குறவஞ்சியை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி ஆக்கினார். கண்ணி வைத்துப் பறவை பிடிக்கும் குறவன் அதில் ஆத்துமாக்களைத் தேடும் குருவாகிறான். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற வானியலைக்கூட அந்தக் குறவஞ்சிக்குள் கொண்டுவந்த துணிச்சல்காரர். அதே சாஸ்திரியார்தான் ஆலயத்துக்குள் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்துக்காகப் புது மிஷனரிகளோடு வாதாடினார். ஏற்றக்காரரின் பாட்டு வேண்டியிருந்தது. அவர் பக்கத்தில் உட்காருவது வேண்டியிருக்கவில்லை. பிராண்டின் கதை முடிவதற்குள் இந்த முரண் திரும்ப எதிர்ப்படும்.

பால் பிராண்டின் தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் கட்டடத் தொழில் தெரிந்தவர். 1913-இல் ஈவ்லினை மணந்துகொண்டு கொல்லிமலை ஏறினார். அங்கே இருந்தவர்கள் மலையாளிப் பழங்குடியினர். வத்தல்மலையிலும் சித்தேரியிலும் இருப்பவர்களின் உறவுச் சனம். மலையில் நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. காலில் கொப்புளம் கிளம்பும், உடையும், உள்ளிருந்து நூல்போல் ஒரு புழு தலைநீட்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து உள்ளேயே சீழ்வைக்கும். ஜெஸ்ஸி அதைச் சிறு குச்சியில் சுற்றி நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்ததை மகன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். படி இறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணற்றில் புண்காலோடு ஒருவர் நின்றால் புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். அவற்றைத் தின்ற கண்ணுக்கே தெரியாத நீர்ப்பூச்சியை அடுத்தவர் குடிப்பார். ஏறத்தாழ ஓராண்டு கழித்து அவர் காலிலும் புழு தலைநீட்டும். இதற்கு மருந்து கிடையாது. கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்புவதும் தண்ணீரை வடிகட்டுவதும்தான் வழி. ஜெஸ்ஸி அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

1929 ஜூனில் ஜெஸ்ஸி மலைக்காய்ச்சலில் இறந்தார். மகனுக்கு அவர் தவறாமல் கடிதம் எழுதி வந்தார். மலையில் கண்ட மரம், பறவை, பூச்சி எல்லாம் அதில் இருக்கும். மரணச் செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்த பிறகும், முன்பே கப்பலேறிவிட்ட கடிதம் இங்கிலாந்துக்கு வந்தது. பதினான்கு வயதுப் பையன் இறந்துபோன அப்பாவின் கையெழுத்தில் கொல்லிமலையைப் படித்தான்.

பள்ளி முடித்ததும் பால் மருத்துவத்துக்குப் போகவில்லை. ஐந்து ஆண்டுகள் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றார். பிறகுதான் லண்டனில் மருத்துவம். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். மறு ஆண்டு, தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே விரல்கள் மடங்கி நகம்போல் வளைந்த ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, “அழுத்துங்கள், பார்ப்போம்” என்றார் பிராண்ட். செத்த கை என்று நினைத்துத்தான் கேட்டார். அந்தப் பிடியில் அவரே வலியால் துடித்துப் போனார்.

அந்தக் கையில் பலம் இருந்தது. செயலிழந்தவை குறிப்பிட்ட சில நரம்புகளும் அவற்றை நம்பிய தசைகளும் மட்டுமே. முன்கையில் நல்ல தசைகள் மிச்சமிருந்தன. அவற்றில் ஒன்றின் தசைநாணை எடுத்து விரல்களோடு இணைத்தால் கை விரியும், மடங்கும், சோற்றைப் பிசையும். 1948-இலிருந்து வேலூரில் இந்த அறுவைச் சிகிச்சை தொடங்கியது. வலிக்கப் பிடித்த ஒரு கை ஒரு மருத்துவத் துறையையே திறந்தது என்பது பிரசங்கத்துக்கு நல்ல சரக்கு. பிராண்ட் அன்று பிரசங்கம் செய்யவில்லை. ஆயிரக்கணக்கான கைகளில் எந்தத் தசை உயிரோடிருக்கிறது என்று கணக்கெடுக்கப் போனார்.

சிகிச்சை முடிந்தவர்களுக்கு வேறு தொல்லை வந்தது. விரல் நேரானவருக்குப் பிச்சையும் போடமாட்டார்கள், வேலையும் கொடுக்கமாட்டார்கள். கல்லூரி வளாகத்தின் ஓரத்தில் 1951-இல் மண்சுவர்க் குடிசைகளோடு நவஜீவ நிலையம் என்றொரு குடியிருப்பு எழுந்தது. நோயாளிகள் அங்கே தச்சு வேலை பழகினார்கள். கற்றுக்கொடுத்தவர்களில் பிராண்டும் ஒருவர். வீணாகப் போயிற்று என்று அவர் நினைத்திருந்த ஐந்து ஆண்டுகள் பயனுக்கு வந்தன. விரல்களைத் தின்பது எது என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் அங்கேதான்.

ஒருநாள் சாமான் அறையின் துருப்பிடித்த பூட்டைத் திறக்க அவரால் முடியவில்லை. தொழுநோயுள்ள ஒரு சிறுவன் வந்து சாவியை வாங்கித் திருகினான், பூட்டு திறந்துகொண்டது. இத்தனை சின்னப் பையனுக்கு இத்தனை பலமா என்று பார்த்தால் தரையில் ரத்தம். சாவியின் விளிம்பு விரலை எலும்புவரை அறுத்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. நமக்கு வலி எடுத்ததும் கை தானாக நின்றுவிடுகிறது. அவனுக்கு அந்தத் தடை இல்லை. தூங்கி எழுந்தால் விரல்நுனி காணாமல் போயிருந்த சிலரைக் காவலிருந்து பார்த்தபோது எலி கடித்துக்கொண்டிருந்தது, தூங்குகிறவர் அசையவில்லை. அதன்பிறகு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்தனுப்பினார்கள்.

ஆக, தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று ஊரும் மருத்துவமும் நம்பியது தப்பு. நோய் தொலைப்பது வலியை. மற்றதை வெந்நீரும் அடுப்பும் செருப்பில்லா நடையும் தொலைக்கின்றன. காலுக்கு மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு வந்தது, எம்.சி.ஆர். செருப்பு என்று தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் இன்றும் கேட்கலாம். உளிக்கும் ரம்பத்துக்கும் தடித்த கைப்பிடி போட்டார்கள். தினமும் மாலையில் பாதத்தை உற்றுப் பார்க்கப் பழக்கினார்கள். வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இந்த வேலையை உலகுக்குக் கற்பித்தது. 1982-இலிருந்து கூட்டுமருந்துச் சிகிச்சை வந்து நோய் முழுதாகக் குணமாகிறது. மரத்துப்போன காலுக்கு மட்டும் இன்றும் அந்தச் செருப்புத்தான்.

பிராண்ட் தன் ஞானப் பாடங்களை எழுதியது மிகப் பிந்தி. பிலிப் யான்சி என்ற பத்திரிகையாளரோடு சேர்ந்து மனித உடலைப் பற்றிய முதல் நூலை 1980-இல் வெளியிட்டார். இரண்டாவது 1984-இல் வந்தது. வலியைப் பற்றிய நூல் 1993-இல். கொல்லிமலை, செங்கல்பட்டு, வேலூர், கரிகிரி எல்லாம் முடிந்து, 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போய், அங்கும் பல ஆண்டுகள் உழைத்த பிறகு எழுதியவை. கை அறிந்தது எழுத்தாவதற்கு அத்தனை காலம் ஆயிற்று.

அவற்றில் ஒரு பாடம் தமிழ்நாட்டுத் திருச்சபைக்கு நேராக வந்து தைக்கிறது. மரத்துப்போன கையை நோயாளிகள் தம் கையாகவே நினைப்பதில்லை என்று பிராண்ட் கவனித்தார். மேசைமேல் கிடக்கும் ஒரு சாமானைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். வலி போய்ச் சேரும் இடம்வரைதான் உடல். பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரம் சபையை உடலாகப் பேசுகிறது. ஓர் உறுப்புப் பாடுபட்டால் மற்றவையும் கூடப் பாடுபடும் என்கிறது. அந்த அதிகாரம் வாசிக்கப்படாத ஆலயம் தமிழ்நாட்டில் இருக்காது. ஆனால் 2008-இல் விழுப்புரம் பக்கத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டுப் போராடியபோது, ஒரே ஆலயத்துச் சனங்கள் மோதிக்கொண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். இறந்தவரை எந்தத் தெரு வழியாக எடுத்துப் போவது என்பதுகூட அங்கே வழக்காக இருந்தது. 1833-லேயே பிஷப் டேனியல் வில்சன் ஆலயத்தில் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டிருந்தார். தஞ்சையில் சாஸ்திரியாரும் அவர் பக்கத்தவர்களும் அதை ஏற்கவில்லை. இதை வெறும் ஒழுக்கக் குறையாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பிராண்டின் கண்ணால் பார்த்தால் இது நோயின் அறிகுறி: உடலின் ஒரு பகுதி புண்ணாகிறது, இன்னொரு பகுதிக்குச் சேதி போகவில்லை.

வலி ஒரு கொடை என்பது அவருடைய பெயர்பெற்ற கருத்து. இது ஆபத்தான கருத்தும்கூட. சுகமாக இருக்கிறவர் நோயாளியின் கட்டிலருகே நின்று இதைச் சொன்னால் அது கொடுமை. புற்றுநோய் வார்டில் போய் யாரும் இதைப் பேசிவிடக் கூடாது. பிராண்ட் இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்துத்தான் சொன்னார். கார்வில்லில் அவரும் பொறியாளர்களும் செயற்கை வலி ஒன்றைச் செய்ய முயன்றார்கள். அழுத்தத்தை அளக்கும் கருவிகளைக் கையுறையில் வைத்துத் தைத்தார்கள். அளவு மீறினால் சத்தம் கேட்கும். நோயாளிகள் சத்தத்தைப் பொருட்படுத்தவில்லை. விளக்கு எரிந்தாலும் அப்படியே. உணர்ச்சியுள்ள இடத்தில் மின்சாரம் சுரீரென்று அடிக்கும்படி செய்தார்கள். அதற்கும் பயனில்லை: ஆபத்தான வேலைக்குப் போகுமுன் அவர்களே கருவியை அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். பணமும் பல ஆண்டுகளும் செலவழிந்தபின் திட்டம் கைவிடப்பட்டது. வலி நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் இருப்பதால்தான் நம்மைக் காக்கிறது என்று அவர் எழுதியது இந்தத் தோல்வியின் பலன். வெறும் தியானத்தில் இது கிடைத்திருக்காது.

தலைப்பில் உள்ள சேற்றின் கதை இதற்கெல்லாம் முந்தியது. கொல்லிமலையில் படிக்கட்டுபோல் வெட்டிய நெல்வயல்கள் உண்டு. ஒவ்வொரு வயலுக்கும் மண்வரப்பு. சின்னப் பையன் பால் மலைப் பிள்ளைகளோடு சேற்றில் தவளை பிடித்து விளையாடினான். நாற்று மிதிபட்டது, வரப்பும் உடைந்தது. ஒரு முதியவர் வந்தார். பிள்ளைகள் எல்லோருக்கும் தாத்தா. அடிக்கவில்லை. ஒரு பிடி சேற்றை அள்ளி, “இது என்ன?” என்று கேட்டார். பிறகு வரப்பைத் தாண்டி வழியும் தண்ணீரைக் காட்டி, அதன் நிறம் என்ன என்று கேட்டார். கலங்கலாக ஓடினால் மலையின் உயிர் கீழே போகிறது, போனது திரும்ப மேலே ஏறாது என்பதைப் பிள்ளைகளுக்கு விளங்கச் சொன்னார். அத்தனை தலைமுறைச் சோறும் அந்த ஒரு பிடிக்குள் இருந்தது.

உலகப் புகழ்பெற்ற கை அறுவை மருத்துவர் 1985-இல் அந்த ஒரு பிடிச் சேற்றைப் பற்றிக் கட்டுரை எழுதினார். மண்ணையும் நீரையும் காக்கும் கொள்கையை மாற்ற முடியுமென்றால் மருத்துவத்தையே விட்டுவிடத் தயார், மருந்தில்லாமல் சாவதற்கு முன் உலகம் மண்ணில்லாமல் செத்துவிடும் என்ற அளவுக்குப் போனார். இதில் வேதாகமம் எங்கே என்று கேட்பவர்கள் ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் பார்க்கலாம். மனிதனுக்குக் கொடுத்த முதல் வேலை தோட்டத்தைப் பண்படுத்துவதும் காப்பதும். தாத்தா அதைப் படித்தவரல்ல. கிறிஸ்தவப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தவர் கிறிஸ்தவரல்லாத ஒரு மலையாளி முதியவர் என்பதை மறைக்காமல் எழுதியது பிராண்டின் நேர்மை. கோடைமழை பெய்த மறுநாள் பென்னாகரம் வட்டத்து ஓடைகள் செக்கச்செவேலென்று ஓடுவதைப் பார்க்கிறவர்களுக்குத் தாத்தாவின் கேள்வி விளங்கும்.

தாய் ஈவ்லின் கதை தனிச் சொற்பொழிவுக்கு உரியது. எழுபதை நெருங்கும் வயதில், ஓய்வுபெறச் சொன்ன மிஷனை விட்டு விலகித் திரும்ப மலையேறினார். மட்டக்குதிரைமேலும், இடுப்பு முறிந்தபிறகு இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றியும் ஊர் ஊராகப் போனார். நரம்புச் சிலந்தி அந்த மலையை விட்டுப் போனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை. 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். 2000-இல் இந்தியா முழுதும் நரம்புச் சிலந்தி நோயற்றதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

தண்ணீர் என்றால் தருமபுரிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்வரை இருக்கலாம். வேறு நீர் இல்லாவிட்டால் ஒன்றரை. இம்மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகள் பல அதைத் தாண்டியவை. பழுப்பேறிய பற்களும் வளைந்த கால்களும் ஊர் ஊராகத் தெரிந்த விஷயம். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியபின் காவிரி குழாயில் வருகிறது. யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் சமாரியப் பெண் கிணற்றுக்குக் குடத்தோடு வருகிறாள். ஜீவத் தண்ணீர் பற்றிய பேச்சு அங்கே நடக்கிறது. அந்தப் பேச்சும் குடிக்கத் தண்ணீர் கேட்டுத்தான் தொடங்குகிறது. இந்த மாவட்டத்தில் அந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்கிறவர் முதலில் தன் ஊர்க் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் கேட்கிறவர்கள் வேறு மாதிரி கேட்பார்கள்.

அதனால் அறக்கட்டளைக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வரிசைக்கு அடுத்த முறை பேராசிரியரையோ குருவானவரையோ தேட வேண்டாம். அரசு மருத்துவமனையில் மரத்துப்போன கால்களுக்குக் கட்டுப்போடும் செவிலியர் ஒருவரைக் கூப்பிடலாம். குடிநீர்த் தொட்டிக்கு வால்வு திறக்கும் ஊராட்சி ஊழியரைக் கூப்பிடலாம். பரிசலையும் திருச்சபையையும் சேர்த்து யாராவது பேசித்தான் தீரவேண்டும் என்றால், ஒகேனக்கல்லில் முப்பது வருஷம் துடுப்புப் போட்டவர் வரட்டும். எழுதிப் படிக்க வராது என்றால் அவர் சொல்லச் சொல்லக் குழுவில் யாராவது எழுதிக்கொள்ளலாம். அன்று வருமானம் போகும் என்பதால் அவருக்கான தொகையை முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது.